எலிக்காய்ச்சலுக்கு லிக்-ஏ புரதத் தடுப்பூசி: எந்தத் துண்டு, எப்படி மடிப்பது, ஹாம்ஸ்டர் முடிவில் எதை நம்புவது?

சுருள்நுண்மி (கேள்வி)

வணக்கம். எலிக்காய்ச்சல் தரும் பாக்டீரியாவான லெப்டோஸ்பைரா இன்டெரோகன்ஸ், கோப்பன்ஹேகனி செரோவார் (உள்வகை), ஃபியோகுரூஸ் எல்1-130 ஸ்ட்ரெயினிலிருந்து லிக்-ஏ என்ற மேற்பரப்புப் புரதத்தின் 7 முதல் 13 வரையிலான டொமைன்களை (தனித்தனியாக மடியும் பகுதிகளை) பெட்-28ஏ வெக்டாரில் குளோன் செய்திருக்கிறோம். நிக்கலில் ஒட்டும் ஹிஸ் டேக் முன்முனையில் இருக்கிறது. ஹோஸ்ட் ஈ.கோலை பாக்டீரியாவின் பிஎல்21(டிஇ3) ஸ்ட்ரெயின். 37 டிகிரியில் புரத உற்பத்தியைத் தூண்டும் ஐபிடிஜியை 1 மில்லிமோலார் போட்டு 4 மணி நேரம் வளர்த்தால் புரதம் ஏராளமாக வருகிறது, ஆனால் எல்லாமே பெல்லட்டில் (கரையாத படிவில்). 8 மோலார் யூரியாவில் கரைத்து நிக்கல் ரெசினில் ஏற்றி எடுத்தால் ஜெல்லில் 60 கிலோடால்டனுக்குச் சற்று மேலே தடித்த பட்டை, கூடவே 40-45 பக்கம் இரண்டு மெல்லிய பட்டைகள். யூரியாவை நீக்க ஓர் இரவு டயாலிசிஸ் வைத்தால் பாதிக்கு மேல் பைக்குள்ளேயே வெள்ளையாகப் படிந்துவிடுகிறது.

தெரிந்துகொள்ள வேண்டியவை இவை. படியாமல் மடிப்பது எப்படி, அல்லது சிறிய துண்டுக்கு மாறிவிடலாமா? அட்ஜுவண்டாக (எதிர்ப்பாற்றலைத் தூண்டும் துணைப்பொருளாக) அல்ஹைட்ரோஜெல் என்ற அலுமினிய ஜெல் போதுமா, எண்ணெய் வகையான ஃப்ராய்ண்ட் இல்லாமல் பாதுகாப்பு வருமா? ஹாம்ஸ்டர் சோதனைக்குக் குழுவுக்கு 8 என்று திட்டம் எழுதியிருக்கிறோம். பிபிஎஸ் மட்டும் போட்ட கண்ட்ரோல் குழு ஒன்று. இதில் ஏதாவது இடிக்கிறதா?

---

புரதப்பட்டறை

முதலில் அந்த 40-45 பட்டைகளைக் கவனியுங்கள். எல்லாரும் "கொஞ்சம் டிகிரடேஷன்" என்று தாண்டிப் போகும் இடம் அது. உங்கள் டேக் முன்முனையில் இருக்கிறது. ஆகவே நிக்கலில் பிடிபட்ட எந்தத் துண்டுக்கும் முன்முனை இருக்கிறது, பின்முனைதான் போயிருக்கிறது. ஒரு டொமைன் ஏறக்குறைய 90 அமினோ அமிலம், அதாவது 9.5 கிலோடால்டன் சுமார். நான்கு டொமைனும் டேக் பகுதியும் சேர்ந்தால் 41 பக்கம் வரும். அப்படியென்றால் அந்தப் பட்டையில் இருப்பது 7 முதல் 10 வரை. இல்லாதது 11, 12, 13. ஹாம்ஸ்டரைக் காப்பாற்றுவதற்கு 11-ம் 12-ம் கட்டாயம் வேண்டும், அவை மட்டும் போதாது, பக்கத்தில் 10 அல்லது 13 கூட இருக்க வேண்டும் என்று 2011-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆக, உங்கள் தயாரிப்பில் கலந்திருக்கும் சிறு துண்டுகள் எடையில் மட்டும் புரதமாகக் கணக்கில் ஏறும், பாதுகாப்புக்கு உதவாது. 50 மைக்ரோகிராம் போட்டோம் என்று எழுதுவீர்கள், உண்மையில் போனது 35 ஆக இருக்கலாம்.

துண்டு எங்கே உருவாகிறது என்று பார்க்க எளிய வழி உண்டு. இண்டக்ஷனுக்குப் பின் 1, 2, 4 மணியில் செல்களை எடுத்து, லைசிஸ் எதுவும் செய்யாமல் நேரே எஸ்டிஎஸ் சாம்பிள் பஃபரில் கொதிக்க வைத்து, ஆன்டி-ஹிஸ் வெஸ்டர்ன் ஓட்டுங்கள். அப்போதே சிறு பட்டை இருந்தால் பெரும்பாலும் ரைபோசோம் நடுவில் நின்றுபோன கதை. லெப்டோஸ்பைராவின் ஜிசி விகிதம் 35% அளவுதான், ஈ.கோலைக்கு அரிதான ஏஜிஏ, ஏடிஏ கோடான்கள் நிறைய வரும். அரிய கோடான்களுக்கு வேண்டிய டிஆர்என்ஏ உள்ள ரோசெட்டா ஸ்ட்ரெயினுக்கு மாறுங்கள், அல்லது கோடானைத் திருத்திய செயற்கை மரபணு வாங்கிவிடுங்கள். இப்போதைய விலையில் அதுவே மலிவு. லைசிஸுக்குப் பிறகுதான் பட்டை கூடுகிறது என்றால் புரோட்டியேஸ். புரதத்தை வெட்டும் அந்த என்சைமைத் தடுக்கும் பிஎம்எஸ்எஃப் போடும்போது சோனிகேஷனுக்கு முந்தைய நிமிடத்தில் போடுங்கள். பிஎச் 8-ல் அது ஒரு மணி நேரத்திலேயே பாதி செத்துவிடும். காலையில் பஃபரில் கலந்து வைத்துவிட்டு மாலையில் லைசிஸ் செய்தால் போட்டதும் போடாததும் ஒன்றுதான். ஈடிடிஏ உள்ள காக்டெயில் வேண்டாம், நிக்கலை உரித்துவிடும்.

இரண்டுக்கும் சேர்த்து ஒரு தீர்வு: டேக்கைப் பின்முனைக்கு மாற்றுங்கள். பெட்-28ஏ-யிலேயே என்கோ1, எக்ஸ்ஹோ1 வெட்டிடங்களில் ஸ்டாப் கோடான் இல்லாமல் செருகினால் பின்முனை ஹிஸ் கிடைக்கும். அப்போது முழுதாக முடிந்த சங்கிலி மட்டுமே ரெசினில் நிற்கும்.

இனி மடிப்பு. அதற்கு முன்பே கரைந்த நிலையில் எடுக்கப் பாருங்கள். 37 டிகிரியும் 1 மில்லிமோலாரும் இன்க்ளூஷன் பாடிக்கு (கரையாத புரதத் திரளுக்கு) அழைப்பிதழ் வைத்த மாதிரி. 2 லிட்டர் ஃப்ளாஸ்கில் 500 மி.லி.க்கு மேல் ஊற்றாமல், ஓடி (கல்ச்சரின் கலங்கல் அளவு) 0.6-0.8 வந்ததும் ஃப்ளாஸ்கைப் பனிநீரில் 15 நிமிடம் வைத்து, ஷேக்கரை 18-20 டிகிரிக்கு இறக்கி, 0.1-0.2 மில்லிமோலார் ஐபிடிஜி, 16 மணி நேரம். பலர் செய்யும் பிசகு, 37-ல் இருக்கும்போதே ஐபிடிஜி போட்டுவிட்டு ஷேக்கரை இறக்குவது. அது குளிர அரை மணியாகும். அதற்குள் பெருமளவு திரண்டுவிடும். லைசிஸ் பஃபர்: 20 மில்லிமோலார் டிரிஸ் பிஎச் 8, 500 மில்லிமோலார் உப்பு, 10 மில்லிமோலார் இமிடசோல். மொத்த லைசேட், மேல்நீர், பெல்லட் மூன்றையும் ஒரே விகிதத்தில் ஜெல்லில் ஏற்றிப் பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு மேல்நீரில் வந்தாலே மடிப்பு வேலையை மறந்துவிடலாம். ஒரு லிட்டரில் சில மில்லிகிராம் கிடைத்தால் ஹாம்ஸ்டருக்குப் போதும்.

வரவே இல்லையென்றால் பெல்லட் வழி. கரைக்கும் முன் பெல்லட்டைக் கழுவுவதில்தான் பாதித் தூய்மை இருக்கிறது: 1% டிரைட்டான் எக்ஸ்-100 உள்ள பஃபரில் இரண்டு முறை, 2 மோலார் யூரியாவில் ஒரு முறை, கடைசியில் டிடர்ஜெண்ட் இல்லாமல் ஒரு முறை. பிறகு 8 மோலார் யூரியா. யூரியாவை அன்றன்றைக்குக் கரையுங்கள், சூடுபடுத்திக் கரைக்காதீர்கள். சயனேட் உருவாகி லைசினில் ஒட்டிக்கொள்ளும், பிறகு மடிப்பது குதிரைக்கொம்பு. ரெசினில் பிடித்த நிலையிலேயே 8 மோலாரிலிருந்து சுழியத்துக்கு 20 ரெசின் அளவு பஃபரில் மெல்ல இறக்குங்கள். சங்கிலிகள் ரெசினில் தள்ளித் தள்ளி நிற்பதால் ஒன்றோடொன்று ஒட்டுவது குறையும். உங்கள் பையில் நடந்தது இதற்கு நேர் எதிர்: 2-4 மோலார் பகுதியைச் செறிவான நிலையில் ஒரே தாவலில் கடந்திருக்கிறது, பாதி மடிந்தவை அங்கேதான் திரளும். டயாலிசிஸ்தான் வசதி என்றால் முதலில் 0.1-0.2 மி.கி./மி.லி.க்கு நீர்த்துக்கொண்டு 6, 4, 2, 1, 0.5, 0 என்று படிப்படியாக, குளிரறையில், ஒவ்வொன்றும் 4 மணிக்குக் குறையாமல். 2 மோலார் கட்டத்திலிருந்து 0.4 மோலார் எல்-ஆர்ஜினின் சேர்த்தால் படிவு வெகுவாகக் குறையும்.

தெளிவாக இருப்பதெல்லாம் மடிந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 320 நானோமீட்டரில் உறிஞ்சல் சுழியத்துக்கு அருகில் வர வேண்டும். வராவிட்டால் கண்ணுக்குத் தெரியாத திரள் இருக்கிறது. சிடி (மடிப்பின் வகையைக் காட்டும் ஒளி அளவீடு) ஓட்டுங்கள்: இந்த டொமைன்கள் இம்யூனோகுளோபுலின் மாதிரி பீட்டா அடுக்குகள், 218 பக்கம் ஒரு பள்ளம் வர வேண்டும். அதற்குப் புரதத்தைக் குளோரைடு இல்லாத பாஸ்பேட் பஃபருக்கு மாற்றுங்கள். உப்பின் குளோரைடு 200-க்குக் கீழே எல்லாவற்றையும் மறைத்துவிடும். 280-ல் அளவு பார்க்கும் முன் இமிடசோலும் டிரைட்டானும் போயாக வேண்டும், இரண்டும் அங்கே உறிஞ்சும்.

10-13 துண்டுக்கு மாறலாமா? தாராளமாக. 40 கிலோடால்டனுக்குள் அடங்கும், மடிக்கவும் எளிது. ஆனால் முதல் சோதனையில் 7-13 ஒரு குழுவாவது இருக்கட்டும். ஒப்பிட அதிகத் தரவு இருப்பது அதற்குத்தான்.

---

வெற்றுவெக்டார்

மடிப்பெல்லாம் சரி. பிபிஎஸ் கண்ட்ரோல் மட்டும் வைத்த திட்டத்தை நான் ரிவியூ செய்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஈ.கோலையில் எடுத்த புரதத்தோடு ஈ.கோலையின் எல்பிஎஸ் (வெளிச்சவ்வு நச்சு, எண்டோடாக்சின் என்பதும் இதுவே) கூடவே வரும். ஹாம்ஸ்டருக்கு அதுவே ஒரு தூண்டல். நீங்கள் போடும் புரதம் எதுவாக இருந்தாலும், எல்பிஎஸ் போதிய அளவு இருந்தால் சவாலுக்கு (வீரியமுள்ள லெப்டோவை வேண்டுமென்றே செலுத்துவதற்கு) பின் இரண்டு மூன்று விலங்குகள் கூடுதலாகப் பிழைக்கலாம். பிழைக்காதவையும் இரண்டு நாள் தள்ளிச் சாகலாம். பிபிஎஸ் குழுவோடு ஒப்பிட்டால் அது லிக்-ஏயின் பெருமையாகத் தெரியும். எலிக்காய்ச்சல் புரதத் தடுப்பூசிகளில் ஒரு லேபில் 70% பாதுகாப்பு தந்த ஆன்டிஜென் இன்னொரு லேபில் ஒன்றுமில்லாமல் போவதற்கு இது ஒரு பெரிய காரணம் என்பது என் கணிப்பு. அகராதி போல நீளும் அந்த "பாதுகாப்பு தரும்" புரதப் பட்டியலில் பாதியை இந்த ஒரு கண்ட்ரோலே கழித்துவிடும்.

ஆகவே வெற்று வெக்டார் உள்ள பிஎல்21 செல்லை அதே அளவு வளர்த்து, அதே ரெசின், அதே கழுவல், அதே எல்யூஷன். வருவது வெறும் நீராகத் தெரிந்தாலும் அதுதான் உங்கள் உண்மையான கண்ட்ரோல். அல்லது சம்பந்தமில்லாத ஹிஸ் டேக் புரதம் ஒன்று, எண்டோடாக்சின் அளவை லிக்-ஏ தயாரிப்புக்குச் சமமாக்கி. இரண்டும் வைத்தால் இன்னும் நல்லது. கிளியர்கோலை ஸ்ட்ரெயினும் உண்டு. அதன் லிப்பிட்-ஏ மாற்றியமைக்கப்பட்டது, ஆனால் வளர்ச்சி மந்தம், விளைச்சலும் குறையும்.

எண்டோடாக்சினைக் குறைக்க: புரதம் நிக்கலில் நிற்கும்போதே 0.1% டிரைட்டான் எக்ஸ்-114 கலந்த பஃபர், 50 ரெசின் அளவு, 4 டிகிரியில். குளிர் முக்கியம். அந்த டிடர்ஜெண்ட் 22-23 டிகிரி தாண்டினால் கலங்கித் தனியே பிரிந்துவிடும். பிறகு டிடர்ஜெண்ட் இல்லாத பஃபர் 20 ரெசின் அளவாவது ஓட்டுங்கள், பிறகே எல்யூட் செய்யுங்கள். கண்ணாடிப் பாத்திரம் 250 டிகிரியில் அரை மணி. ஆட்டோகிளேவ் எண்டோடாக்சினைக் கொல்லாது. சப்யூனிட் தடுப்பூசிக்கு மி.லி.க்கு 20 ஈயு-க்குள் (எண்டோடாக்சின் அலகு) என்று சொல்வார்கள். ஹாம்ஸ்டருக்கு அவ்வளவு வேண்டாம் என்று நினைக்கலாம்; அது சட்டத்துக்காக மட்டுமல்ல, உங்கள் முடிவை நீங்களே நம்புவதற்காக.

எண்டோடாக்சினை அளக்கும் எல்ஏஎல் டெஸ்டை அலுமில் ஒட்டும் முன்பே செய்துவிடுங்கள். ஒட்டிய பின் எண்டோடாக்சின் ஜெல்லோடு ஒட்டிக்கொள்ளும், அளவு பொய்யாகக் குறைவாக வரும். மீதமுள்ள யூரியாவும் டிடர்ஜெண்டும் வினையைத் தடுக்கும்; தெரிந்த அளவு ஸ்பைக் போட்டு 50-200%-க்குள் திரும்பக் கிடைக்கிறதா என்று பார்க்காத எல்ஏஎல் எண்ணுக்கு மதிப்பில்லை.

---

ஹாம்ஸ்டர் அறை

அட்ஜுவண்டும் சவாலும் பற்றி.

ஃப்ராய்ண்டில் நல்ல எண் வரும், ஆனால் அந்த எண் எங்கேயும் கொண்டுபோகாது. மனிதருக்கோ மாட்டுக்கோ போட முடியாத ஒன்று. ஆரம்பத்திலேயே அலுமோடு போங்கள், ஒப்பீட்டுக்கு வேண்டுமென்றால் ஃப்ராய்ண்ட் ஒரு குழு. அல்ஹைட்ரோஜெல் 2% என்பது மி.லி.க்கு 10 மி.கி. அலுமினியம் அளவு. பிஎச் 7-ல் அதற்கு நேர்மின்னேற்றம். அமிலத்தன்மை கொண்ட புரதம் தானாகப் போய் ஒட்டும். அதனால் உங்கள் வரிசையின் ஐசோஎலக்ட்ரிக் புள்ளியை முதலில் கணக்கிடுங்கள். பாஸ்பேட் பஃபரில் கலக்காதீர்கள்: பாஸ்பேட் அந்த இடங்களைத் தானே பிடித்துக்கொண்டு புரதத்தை வெளியே தள்ளும். பிபிஎஸ்ஸில் டயாலிசிஸ் செய்த புரதத்தை அப்படியே அலுமோடு கலப்பது பலர் செய்வது; பாதி ஒட்டாமல் நிற்கும். 10 மில்லிமோலார் டிரிஸ், 150 மில்லிமோலார் உப்பு, பிஎச் 7.4 போதும். ஒரு மணி நேரம் மெல்லச் சுழற்றி, மையவிலக்கி, மேல்நீரில் புரதம் எவ்வளவு என்று அளவிடுங்கள். 80%-க்குக் குறைவாக ஒட்டியிருந்தால் பஃபரையோ அலும் விகிதத்தையோ மாற்றுங்கள். கலந்த பிறகு ஃப்ரீசரில் வைக்கக் கூடாது, ஒரு முறை உறைந்தாலே ஜெல் கட்டியாகி வீணாகும், 2-8 டிகிரிதான்.

டோஸ் 50 மைக்ரோகிராம் வீதம் இரண்டு முறை, இரு வார இடைவெளி, கடைசி ஊசிக்கு இரண்டு வாரம் கழித்துச் சவால். முதல் ஊசிக்கு விலங்கு 4 வார வயது. வயது ஏற ஏற ஹாம்ஸ்டர் தாங்கும் திறன் கூடும். ஆகவே கண்ட்ரோலும் தடுப்பூசிக் குழுவும் ஒரே பிறப்புத் தேதியிலிருந்து குலுக்கிப் பிரித்தவையாக இருக்க வேண்டும். கண்ட்ரோலை மட்டும் பிந்தி வாங்கிச் சேர்ப்பது, நீங்கள் நினைப்பதைவிட அதிகமாக நடக்கிறது.

சவால் கொடுக்கும் லெப்டோவின் பாசேஜ் எண்தான் (எத்தனை முறை மறுவளர்ப்பு செய்தது என்பதுதான்) எல்லாவற்றையும் தீர்மானிக்கும். லெப்டோ வளர்க்கும் ஈஎம்ஜேஎச் மீடியாவில் திரும்பத் திரும்பப் பாசேஜ் செய்தால் வீரியம் போகும், லிக் புரதங்களின் வெளிப்பாடும் கூடவே போகும். ஹாம்ஸ்டரில் ஓட்டி மீட்ட ஸ்ட்ரெயினைக் குறைந்த பாசேஜிலேயே திரவ நைட்ரஜனில் பல குப்பிகளாக வைத்துவிட்டு, ஒவ்வொரு சோதனைக்கும் புதுக் குப்பி. ஈஎம்ஜேஎச்-க்கு வாங்கும் பிஎஸ்ஏ (மாட்டு அல்புமின்) லாட்டையும் சோதித்துத்தான் வாங்க வேண்டும்; சில லாட்டில் பாக்டீரியா வளராமல் அப்படியே நின்றுவிடும், மீடியாவைக் குறை சொல்லிக்கொண்டு மாதங்கள் போகும். எண்ணுவது டார்க் ஃபீல்டில், பெட்ரோஃப்-ஹவுசர் அறையில், ஓடியை நம்பாதீர்கள். எல்டி50-ஐ (பாதி விலங்குகளைக் கொல்லும் டோஸை) உங்கள் லேபில், உங்கள் விலங்கில் நீங்களே கண்டுபிடியுங்கள். பிறர் கட்டுரையிலிருந்து எண்ணைக் கடன் வாங்கினால் இரண்டில் ஒன்று நடக்கும்: டோஸ் கூடி நல்ல தடுப்பூசியும் தோற்கும், அல்லது குறைந்து கண்ட்ரோலும் பிழைக்கும்.

குழுவுக்கு 8 போதுமா என்று கேட்டீர்கள். கணக்கைப் பாருங்கள். கண்ட்ரோல் 8-ம் செத்து, தடுப்பூசிக் குழுவில் 6 பிழைத்தால் ஃபிஷர் டெஸ்டில் இருபக்க பி மதிப்பு 0.007. 5 பிழைத்தால் 0.026. 4 பிழைத்தால் 0.077, கையை விட்டுப் போச்சு. இப்போது கண்ட்ரோலில் ஒன்று பிழைத்துவிட்டது என்று வையுங்கள்: 6-க்கு 1 என்றால் 0.041, மயிரிழையில் தப்புகிறது. கண்ட்ரோலில் இரண்டு பிழைத்தால் அதே 6-க்கு 0.13. உங்கள் தடுப்பூசியில் எதுவும் மாறவில்லை. சவால் டோஸ் சற்று இளைத்ததில் மொத்தச் சோதனையும் போச்சு. அதனால் 10 வைக்கப் பாருங்கள், ஆன்டிஜென் குழுக்களின் எண்ணிக்கையைக் குறைத்தாவது. ஒரே சோதனையை வேறொரு பேட்ச் புரதத்தோடு இன்னொரு தடவை செய்யவும் பட்ஜெட் வையுங்கள்.

முடிவுப் புள்ளியைச் சாவு என்று எழுதாதீர்கள், ஐஏஇசி (விலங்கு நெறிமுறைக் குழு) ஏற்காது, ஏற்கவும் கூடாது. உச்ச எடையிலிருந்து 20% இறக்கம், மூக்கில் ரத்தம், மஞ்சள், அசையாமல் குன்றிக் கிடப்பது, இவற்றில் ஒன்று வந்தாலே கருணைக்கொலை. 7-ம் நாளிலிருந்து நாளுக்கு இரண்டு முறை எடை.

பிழைத்தவற்றை 28-ம் நாள் அறுத்துச் சிறுநீரகத்தைப் பாருங்கள். இதைச் செய்யாமல் "100% பாதுகாப்பு" என்று எழுதும் கட்டுரைகள் இன்னும் வருகின்றன. லிக்-ஏ பற்றிய பழைய சோதனைகளிலேயே பிழைத்த விலங்குகளின் சிறுநீரகத்தில் லெப்டோ குடியிருந்தது. விலங்கு சாகவில்லை, ஆனால் மூத்திரத்தில் நோயைப் பரப்பிக்கொண்டிருக்கிறது. விலங்கிலிருந்து மனிதருக்கு வரும் நோய்க்கு இது பாதி வெற்றிகூட இல்லை. ஒரு சிறுநீரகம் கல்ச்சருக்கு: நசுக்கி, 5-ஃப்ளூரோயுராசில் மி.லி.க்கு 100 மைக்ரோகிராம் உள்ள ஈஎம்ஜேஎச்-இல், பத்துக்கு ஒன்று, நூறுக்கு ஒன்று எனத் தொடர் நீர்த்தலோடு. நீர்க்காமல் போட்ட குழாயில் திசுவே வளர்ச்சியைத் தடுக்கும், நூறுக்கு ஒன்றில்தான் முதலில் வளரும். 30 டிகிரி, 8 வாரமாவது வைத்திருந்து வாராவாரம் டார்க் ஃபீல்டில் பாருங்கள். மறு சிறுநீரகம் லெப்டோவின் லிப்-எல்32 மரபணுவுக்கு க்யூபிசிஆர். இரண்டும் நெகட்டிவ் என்றால்தான் சிறுநீரகம் சுத்தம் என்று எழுதலாம்.

---

சுருள்நுண்மி

மிக்க நன்றி. 40 கிலோடால்டன் பட்டை பற்றிச் சொன்னது கண்ணைத் திறந்துவிட்டது. பின்முனை டேக்குக்கு மாற்றுகிறோம். வெற்று வெக்டார் குழுவும் சேர்க்கிறோம்.

இன்னும் இரண்டு. சுண்டெலியில் போட்டுப் பார்த்த சீரத்தில் எலைசா டைட்டர் (ஆன்டிபாடி அளவு) ஆயிரக்கணக்கில் வருகிறது, ஆனால் மேட் டெஸ்டில் எந்தச் செரோவாருக்கும் ஒன்றுமே இல்லை. இது தோல்வியா? இரண்டாவது, எங்கள் உண்மையான இலக்கு கறவை மாடு. லிக்-ஏ அங்கே செல்லுமா?

---

வெற்றுவெக்டார்

மேட் வராதது எதிர்பார்த்ததுதான், கவலை வேண்டாம். மேட் என்பது உயிருள்ள லெப்டோவை ஆன்டிபாடி ஒன்றோடொன்று கட்டுகிறதா என்று பார்ப்பது. அதைப் பெரும்பாலும் செய்வது எல்பிஎஸ்ஸுக்கு எதிரான ஆன்டிபாடி. கொன்ற பாக்டீரியாத் தடுப்பூசியில் அது ஏறும், புரதத் தடுப்பூசியில் ஏறாது. போதாக்குறைக்கு, மேட்டுக்கு வளர்க்கும் கல்ச்சரில் லிக் புரதமே சொற்பம். பழகிய பாசேஜ், ஈஎம்ஜேஎச்-இன் குறைந்த உப்பு, இரண்டும் சேர்ந்து அதை அடக்கிவைக்கும். மீடியாவில் 120 மில்லிமோலார் உப்பு சேர்த்து, உடலுக்குள் இருக்கும் ஆஸ்மோலாரிட்டிக்குக் கொண்டுவந்தால் வெளிப்பாடு ஏறும். உங்கள் சீரம் உண்மையான புரதத்தை அடையாளம் காண்கிறதா என்று பார்க்க அந்த மாதிரி வளர்த்த குறைந்த பாசேஜ் செல்லில் வெஸ்டர்ன் ஓட்டுங்கள்.

எலைசாவிலும் ஒரு பொறி உண்டு. தட்டில் பூசியதும் ஊசியில் போனதும் ஒரே ஈ.கோலைத் தயாரிப்பு என்றால், டைட்டரில் ஒரு பகுதி ஈ.கோலை அழுக்குக்கும் டேக்குக்குமானது. வேறு டேக்கோடு எடுத்த லிக்-ஏயைத் தட்டில் பூசுங்கள். ஹாம்ஸ்டர் சோதனையில் கொன்ற பாக்டீரியாக் குழு வைத்தால் தட்டைப் பிஎஸ்ஏயால் பிளாக் செய்யாதீர்கள். ஈஎம்ஜேஎச்-இல் வளர்ந்த பாக்டீரியாவோடு பிஎஸ்ஏயும் ஊசியில் போயிருக்கும். அந்தக் குழுவின் சீரம் முழுத் தட்டையும் மஞ்சளாக்கிவிடும். பால்பவுடர் போதும்.

---

தொழுவம்

மாடு என்றதால் வருகிறேன். இங்கேதான் திட்டமே மாற வேண்டியிருக்கும்.

கறவை மாட்டில் முக்கியமானது ஹார்ட்ஜோ செரோவார். அதில் ஹார்ட்ஜோபோவிஸ் என்று சொல்வது லெப்டோஸ்பைரா போர்க்பீட்டர்சனி இனம். அந்த இனத்தில் லிக்-ஏ மரபணுவே கிடையாது, அதே குடும்பத்தின் லிக்-பி மட்டும். லிக்-ஏவின் 7 முதல் 13 வரை உள்ள பகுதிதான் லிக்-பியிலிருந்து வேறுபடும் பகுதி என்பதை நினைவில் வையுங்கள். இரண்டுக்கும் பொதுவானது முதல் ஆறரை டொமைன். அதாவது நீங்கள் கஷ்டப்பட்டு மடிக்கும் துண்டுக்கு அந்தப் பாக்டீரியாவில் இலக்கே இல்லை. இலங்கையில் மனிதரிடமிருந்தும் இன்டெரோகன்ஸ் மட்டுமல்ல, போர்க்பீட்டர்சனியும் பிரித்திருக்கிறார்கள். ஆகவே இது மாட்டோடு முடிகிற சிக்கலும் இல்லை.

அப்படியானால் லிக்-பியின் முன்பகுதிக்குப் போகலாம். பிரேசிலின் பெலோட்டாஸ் குழு 2017-ல் லிக்-பியின் 131-645 துண்டு ஹாம்ஸ்டரில் சிறுநீரகத்தையும் சுத்தமாக வைத்தது என்று எழுதியது. ஆனால் லிக்-பியின் வேறு துண்டுகள் வேறு சோதனைகளில் காப்பாற்றவில்லை. எனவே அதை முடிந்த கதையாக எடுக்காமல், லிக்-ஏவுக்குப் பக்கத்தில் இன்னொரு குழுவாக வைப்பதே சரி. லிக் குடும்பத்தை இலக்கு வைப்பதில் தப்பில்லை: லிக்-பியை மட்டும் நீக்கிய பாக்டீரியா ஹாம்ஸ்டரைக் கொன்றது, 2021-ல் இரண்டையும் ஒருசேர அடக்கியபோது வீரியம் போனது. லிப்-எல்32 பக்கம் மட்டும் போகாதீர்கள். வெளிச்சவ்வில் அதுதான் மிகுதி, ஆன்டிபாடியும் அள்ளிக் கொட்டும், ஆனால் பாதுகாப்பு வராது. அதை நீக்கிய பாக்டீரியாவும் வீரியத்தோடுதான் இருக்கிறது. டயக்னாஸ்டிக் கிட்டுக்கு அது தங்கம், தடுப்பூசிக்கு இல்லை.

மாட்டுக்கு இன்னொரு வித்தியாசம். ஹாம்ஸ்டர் பத்து நாளில் சாகும். மாடு ஹார்ட்ஜோவில் சாகாது. பால் குறையும், கன்று விழும், மாதக்கணக்கில் மூத்திரத்தில் பாக்டீரியா போகும். அங்கே ஆன்டிபாடி டைட்டரைவிட, ஆன்டிஜெனுக்கு டி செல் காமா இன்டர்ஃபெரான் தருகிறதா என்பதே பாதுகாப்போடு சேர்ந்து போகிறது. அலும் மட்டும் போட்டால் அந்தப் பக்கம் பலவீனமாக இருக்கும். மாட்டுக்கு ஏற்ற எண்ணெய் அட்ஜுவண்டுகளை இப்போதே ஒரு சிறு குழுவில் பாருங்கள். ஊசி போட்ட மாட்டின் முழு ரத்தத்தை ஹெப்பாரினில் எடுத்து, எட்டு மணி நேரத்துக்குள் உங்கள் லிக்-பியோடு ஓர் இரவு வைத்து, பிளாஸ்மாவில் போவைன் காமா இன்டர்ஃபெரான் எலைசா. இதிலும் வெற்றுவெக்டார் சொன்ன அதே எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும்: ரத்தத்தில் ஒரு துளி எண்டோடாக்சின் போனாலே இன்டர்ஃபெரான் எகிறும். அதனால் ஊசி போடாத மாட்டின் ரத்தத்திலும் அதே புரதத்தைப் போட்டு அடித்தளம் பாருங்கள். அங்கேயும் எகிறினால் புரதம் அழுக்கு, மாடு பதில் சொல்லவில்லை.

சவாலை வயிற்றுக்குள் ஊசியாகப் போடாமல் கண்ணில், மூன்று நாள் தொடர்ந்து சொட்டாக. அதன் பின் வாராவாரம் மூத்திரம், அதைப் பெருக்கும் மருந்தான ஃபுரோசமைடு போட்டு. மருந்துக்குப் பின் முதலில் வருவதை விட்டுவிட்டு இரண்டாவது தடவை வரும் நீர்த்த மூத்திரத்தைப் பிடியுங்கள். அதில்தான் கல்ச்சர் பிழைக்கும். அமில மூத்திரத்தில் லெப்டோ சில மணியில் செத்துவிடும், எடுத்த இடத்திலேயே மீடியாவில் இறக்கிவிடுங்கள்.